கேப் திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டப் போகிறவர்களுக்கு: ஒரு முழுமையான வழிகாட்டி

கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டிப் பக்கம், எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சைப் பந்தல் இருந்தது. அதனால் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு வேலைக்கு வந்த முதல் கோடையில், பார்ல் மலையடிவாரத்துச் சிறு தோட்டம் ஒன்றில் பழம் வெட்ட ஆள் வேண்டுமாம் என்று அலுவலக நண்பர் சொன்னபோது, எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற தெம்போடு போனேன். எல்லோருக்கும் முன்பாக முதல் கிரேடை, அதாவது பழப் பெட்டியை, நிரப்பிக் கொண்டுபோய் வைத்தேன். மேற்பார்க்கும் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கிரேடைத் தார்ப்பாயில் கவிழ்த்தார். குண்டு குண்டாக இருந்த எட்டுக் குலைகளைப் பொறுக்கி ஓரமாக வீசினார். பிறகு என் வரிசைக்கு நடந்துபோய், நான் கழித்துக் கீழே போட்டிருந்த சின்னக் குலைகளை எல்லாம் எடுத்துவந்து கிரேடில் வைத்தார்.

நான் வெட்டியது சந்தைக்குப் போகிற பழம். அவருக்கு வேண்டியிருந்தது ஒயினுக்குப் போகிற பழம். இது விளங்க எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. இப்போது ஆறாவது அறுவடை முடிந்திருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் நம் ஆட்கள் இரண்டு மூன்று பேராவது "நாங்களும் வரலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

எப்போது போவது, யாரிடம் கேட்பது

நம் ஊரில் பந்தலைக் கவாத்து பண்ணும் தேதியை மாற்றி மாற்றி வைத்து ஆண்டு முழுவதும் பழம் எடுக்கிறோம். இங்கே ஆண்டுக்கு ஒரே வெட்டுதான். மேற்குக் கேப் மாகாணத்தில் ஜனவரி நடுவில் தொடங்கி மார்ச் கடைசி, சில இடங்களில் ஏப்ரல் வரை போகும். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இந்தப் பருவத்துக்கு 'பார்ஸ்டெய்ட்' என்று பெயர், பிழிகிற காலம். நுரை ஒயினுக்கான பழத்தைச் சர்க்கரை ஏறுவதற்கு முன்பே முதலில் வெட்டிவிடுவார்கள். அடுத்து ஷார்டனே, செனின் பிளாங்க் போன்ற வெள்ளை ரகங்கள். பிப்ரவரியில் பினோடாஜ். அது இந்த மண்ணிலேயே பிறந்த ரகம்; 1925-இல் ஆபிரகாம் பெரால்ட் என்ற பேராசிரியர் பினோ நுவார், சான்சோ என்ற இரண்டு ரகங்களை மகரந்தக் கலப்புச் செய்து உண்டாக்கியது. மெர்லோ, ஷிராஸ் எல்லாம் அதற்குப் பின்னால் வரும். கேபர்னே சாவிஞான் கடைசி.

நான் போகிற தோட்டம் மொத்தம் 2 ஹெக்டேர், அதாவது 5 ஏக்கர். ஷிராஸ் பாதி, செனின் கொஞ்சம், வீட்டுக்குப் பின்னால் ஹானபூட் என்கிற ரகம் நாலைந்து வரிசை. இந்த அளவுத் தோட்டங்களில்தான் உதவி ஆளுக்கு இடம் இருக்கும். பெரிய எஸ்டேட்டுகள் வெட்டுக்கு இயந்திரத்தையோ நிரந்தரக் குழுவையோ வைத்திருப்பார்கள். சில இடங்களில் வருகிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு, கத்தரி கொடுத்து அரை மணி நேரம் வெட்டவிட்டு, காலால் மிதிக்கவிட்டு, சாப்பாடும் போட்டு அனுப்புகிறார்கள். பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. நான் சொல்ல வந்தது அதைப் பற்றி அல்ல.

சிறு தோட்டக்காரரைப் பிடிக்கச் சுலபமான வழி, டிசம்பரிலேயே நேரில் போய் ஒயினோ பழமோ வாங்கும்போது கேட்டுவைப்பது. எண்ணை வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறகு நீங்கள் அவரைத் துளைக்கக் கூடாது. தேதி அவருக்கே தெரியாது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வரிசை வரிசையாக நடந்து, வெயில் பக்கம், நிழல் பக்கம், மேல் குலை, கீழ்க் குலை என்று கலந்து நூறு இருநூறு மணிகளைப் பறித்து, பையில் போட்டு நசுக்கி, சாற்றின் சர்க்கரையை அளப்பார். இங்கே அந்த அளவுக்குப் 'பாலிங்' என்று பெயர். 24 பாலிங் என்றால் 100 கிராம் சாற்றில் ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரை. நுரை ஒயினுக்கு 18, 19 போதும். சாதாரண வெள்ளைக்கு 21-லிருந்து 23 வரை, சிவப்புக்கு 24 அல்லது அதற்குச் சற்று மேலே. இரண்டு நாள் அனல் அடித்தால் எண் சட்டென்று ஏறிவிடும். மழை பெய்தால் நின்றுவிடும். அதனால் அழைப்பு முந்தின நாள் மாலைதான் வரும். "நாளைக்குக் காலை அஞ்சரைக்கு" என்றால் அஞ்சரைக்கே. வரமுடியாவிட்டால் அப்போதே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வருவதாகச் சொல்லிவிட்டு வராதவரை மறுவருடம் கூப்பிட மாட்டார்கள்.

முந்தின இரவு

கேப் டவுனிலிருந்து பார்ல் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். நாலே முக்காலுக்கு வண்டியை எடுத்தால் சரியாக இருக்கும். பிப்ரவரியில் ஆறு மணி தாண்டித்தான் சூரியன் எழும். ஆனால் வெளிச்சம் படர்ந்தவுடனே வெட்டத் தொடங்கிவிடுவார்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நள்ளிரவிலேயே தொடங்குகிற தோட்டங்களும் உண்டு. காரணம், பழம் குளிர்ந்திருக்க வேண்டும். வெயில் ஏறி 35 பாகை தொட்ட பிறகு வெட்டிய பழம், ஒயின் செய்கிற கொட்டகைக்குப் போவதற்குள் கிரேடிலேயே சாறு விட்டு, தானாக நொதிக்க ஆரம்பித்துவிடும்; வெள்ளை ரகமாக இருந்தால் நிறமும் மணமும் கெடும். நாங்கள் பத்தரை மணிக்கு மேல் வெட்டியதே இல்லை.

பழைய முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, மூடிய காலணி, விளிம்பு அகன்ற தொப்பி. கட்டம்போட்ட நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த நண்பர் ஒருவர் இன்றுவரை அதைத் துவைத்துக்கொண்டிருக்கிறார். ஷிராஸ் கறை போகாது. காலையில் குளிரும் என்பதால் ஸ்வெட்டர் ஒன்று. சன்ஸ்கிரீனை வீட்டிலேயே பூசிக்கொண்டு கிளம்புங்கள், கையில் சாறு ஒட்டிய பிறகு பூசவே முடியாது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். துணியும் காலணியும் துவைத்தவையாக இருக்கட்டும். முந்தின வாரம் வேறொரு தோட்டத்துக்குப் போயிருந்தால், அதே உடுப்போடு இங்கே வராதீர்கள். இந்த நாட்டுத் திராட்சைக்குப் பெரிய எதிரி இலைச்சுருள் வைரஸ். சிவப்பு ரகங்களில் இலை ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடமெல்லாம் செம்மையாகிவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தச் செடியில் பழம் ஒழுங்காகப் பழுக்காது. அதைப் பரப்புவது மாவுப்பூச்சி. நம் ஊர்ப் பந்தலில் படுத்துகிற அதே குடும்பம்தான். அதன் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. உடுப்பிலும் கத்தரியிலும் ஒட்டிக்கொண்டு தோட்டம்விட்டுத் தோட்டம் போகும். அமர்த்துகிறவர் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நீங்களாகவே "துவைத்த துணிதான்" என்று சொன்னால் முகம் மலரும்.

சாப்பாடு. தோட்டத்தில் எட்டு மணிக்குக் காப்பியும் ரஸ்க்கும் கொடுப்பார்கள். வெட்டு முடிந்ததும் ரூஸ்டர்கூக் என்கிற கரியில் சுட்ட ரொட்டி, இறைச்சி. சைவக்காரர்கள் எதிர்பார்ப்பை ரொட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நாங்கள் புளிச்சாதம் கொண்டுபோவோம், வெயிலிலும் கெடாது. தைப்பூசம் பெரும்பாலும் இந்த வெட்டுக் காலத்தில்தான் வரும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா டர்பனில் பிறந்தவர். அவர் வீட்டில் காவடி நோன்பு என்றால் பத்து நாளும் கறி மீன் கிடையாது, மதுவின் வாசமே ஆகாது. "ஒயினுக்குப் போகிற பழத்தை நோன்போடு வெட்டலாமா?" என்று முதல் வருடம் அவரே கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அவரே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: செடியில் இருக்கிறவரை அது பழம்தான், வெட்டுகிறேன், கொட்டகைப் பக்கம் மட்டும் வரமாட்டேன். இன்றுவரை அப்படித்தான் செய்கிறார். எங்கள் குழுவில் அவர் அளவுக்குச் சுத்தமாக வெட்டுகிறவர் யாரும் இல்லை.

வரிசைக்குள் நுழையும்முன்

பெரியவரை 'ஊம்' என்று கூப்பிடுங்கள், வீட்டு அம்மாவை 'தன்னி' என்று. மாமா, அத்தை என்கிற அர்த்தம். நம்மைப் போலவே அவர்களும் வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள். கிரேடுக்குக் 'கிஸி' என்று பெயர். பழம் ஏற்றுகிற சின்ன லாரி 'பக்கி'. இந்த நான்கு சொல் போதும், நாள் ஓடிவிடும்.

பாம்பு உண்டு. கேப் நாகம் ஆள் அரவம் கேட்டால் பெரும்பாலும் விலகிவிடும். பஃப் ஆடர் என்கிற விரியன் விலகாது. சருகு நிறத்திலேயே சுருண்டு கிடக்கும், மிதித்தால் கடிக்கும். ஆகவே செடியடியில் கையை விடும்முன் கண்ணை விடுங்கள். இரவெல்லாம் தரையில் கிடந்த கிரேடை எடுக்கும்முன் காலால் ஒரு தட்டு தட்டுங்கள். அதைவிட அடிக்கடி நேர்வது குளவிக்கடியும் தேனீக்கடியும். வெடித்த பழத்தில் மொய்த்திருக்கும். கடி ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்தைப் பையிலேயே வைத்திருங்கள், வண்டியில் அல்ல.

எந்த ரகம், எந்த வரிசை, எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். அடுத்தடுத்த இரண்டு வரிசை வெவ்வேறு ரகமாக இருக்கலாம், ஷிராஸோடு வேறு பழம் கலந்துவிட்டால் பிரிக்க வழியில்லை. மருந்தடித்து எத்தனை நாள் ஆயிற்று என்றும் கேளுங்கள். வெட்டுக்கு முன் இத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு உண்டு. ஒழுங்கான தோட்டக்காரர் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கத்தரியும் விரலும்

நம் பந்தலில் பழம் தலைக்கு மேலே தொங்கும். அண்ணாந்தே வெட்டுவோம், வலி பிடரியில் வரும். இங்கே கம்பியில் கட்டிய செடியில் பழம் இடுப்பளவில் இருக்கும். கம்பியே இல்லாமல் குத்தாக வளரவிட்ட பழைய செனின் செடிகளில் முழங்காலுக்கும் கீழே. வலி முழுக்க இடுப்பில். முதுகை வளைத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து வெட்டுங்கள், செடிக்குச் செடி காலை மாற்றுங்கள். கவிழ்த்துப்போட்ட கிரேடில் உட்கார்ந்து வெட்டுகிற பாட்டிமார்களைப் பார்த்திருக்கிறேன். வேகத்தில் எங்களை எல்லாம் தாண்டிப் போவார்கள்.

வெட்டும் முறை சிக்கலே இல்லாதது. முதலில் குலையை மறைக்கிற இரண்டு மூன்று இலைகளைக் கிள்ளிவிட்டுக் காம்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். இடது கையைக் கிண்ணமாக்கிக் குலையை அடியிலிருந்து தாங்குங்கள். கொடியை ஒட்டிக் காம்பை ஒரே வெட்டு. இழுக்கக் கூடாது, இழுத்தால் கொடியும் முறியும், மணியும் உதிரும். குலை கம்பியிலோ இன்னொரு குலையிலோ பின்னிக்கொண்டிருந்தால் இரண்டாக நறுக்கி எடுங்கள். முழுக் குலையாக வரவேண்டும் என்கிற அவசியமே இல்லை.

புதிதாக வருகிறவர் வெட்டிக்கொள்வது எப்போதும் இடது கை விரலைத்தான். குலைக்குப் பின்னால் விரல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கத்தரியை நுழைப்பதால் வருகிற வினை. காம்பைப் பிடிக்காதீர்கள், குலையைத் தாங்குங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கத்தரி காம்பில் பதிகிறபோது விரல் நான்கு அங்குலம் கீழே இருக்கும். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் அதே செடியை வெட்டிக்கொண்டிருந்தால் இன்னும் கவனம். அவர் கையும் இலைக்குள்தான் இருக்கிறது. பேசிக்கொண்டே வெட்டுங்கள், ஆள் எங்கே இருக்கிறார் என்று குரல் காட்டிக்கொடுக்கும். என் சுட்டுவிரலில் இருக்கிற தழும்பு, பேச்சை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்த நேரத்தில் வந்தது.

எதை எடுப்பது, எதை விடுவது

முதல் நாள் நான் கோட்டைவிட்ட இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சந்தைப் பழத்துக்குக் கண்ணுக்கு அழகு வேண்டும். மணி பெரிதாக, ஒரே அளவாக, மேலே படிந்த வெண்பூச்சு கலையாமல் இருக்க வேண்டும். காம்பை மட்டும் பிடித்து, பூச்சில் விரல் படாமல் பெட்டியில் அடுக்க அப்பா எங்களைப் பழக்கியிருந்தார். ஒயினுக்கு இதெல்லாம் வேண்டாம். நிறமும் மணமும் துவர்ப்பும் தோலில் இருக்கின்றன. மணி சின்னதாக இருந்தால் சாற்றுக்குத் தோல் அதிகம். நெருக்கமில்லாமல் உதிரி உதிரியாக, சோனியாகத் தெரிகிற குலைக்குள் காற்று புகும், அழுகல் வராது. நான் "இது சந்தையில் போகாது" என்று கழித்த குலைகள் அந்த வரிசையிலேயே முதல் தரம். நான் ஆசையோடு வெட்டிய குண்டுக் குலைகளோ தோள்ப்பக்கம் மட்டும் கறுத்து, உள்ளே இளஞ்சிவப்பாகவே நின்றவை.

எனவே ஒவ்வொரு குலையையும் வெட்டும்முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பின்பக்கமும் நிறம் ஏறியிருக்கிறதா? சந்தேகமாக இருந்தால் ஒரு மணியை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். இனிப்பு மட்டும் போதாது. தோலை மெல்லுங்கள், நாக்கை இழுக்கிற பச்சைத் துவர்ப்பு இருக்கக் கூடாது. விதையைத் துப்பிப் பாருங்கள். பச்சையாக இருந்தால் காய், பழுப்பாகி நறுக்கென்று உடைந்தால் பழம்.

விட்டுவிட வேண்டியவற்றில் முதலாவது, பின்பூவில் காய்த்த குலை. முதன்மைக் கொடியில் இல்லாமல், பக்கக் கிளையில் உயரத்தில், கையகலத்தில் கெட்டியாக நிற்கும். புதிதாக வருகிறவர்கள் 'விட்டுப்போயிற்று' என்று இதைத் தேடித் தேடி வெட்டுவார்கள். புளிப்பைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

அடுத்தது அழுகல். இதில் மூக்குக்கு வேலை. சாம்பல் நிறப் பூசணம் படர்ந்த குலையில், கெட்ட பகுதியை மட்டும் கத்தரி நுனியால் நறுக்கி உதறிவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம். சிறு ஈ மொய்த்து, புளித்த காடி வாடை அடிக்கிற குலையை மட்டும் எப்படியும் எடுக்காதீர்கள், பாதியைக் காப்பாற்றலாம் என்றும் பார்க்காதீர்கள். காடியாக்குகிற நுண்ணுயிர் அதில் குடியிருக்கிறது; ஒரு குலை போதும், தொட்டியையே கெடுக்கத் தொடங்கும். வெயிலில் வெந்து பழுப்பேறிய மணி, உலர்ந்து கிஸ்மிஸ் ஆன மணி இரண்டும் தோட்டக்காரரின் விருப்பம். சிலர் கொஞ்சம் உலர்ந்ததைச் சேர்ப்பார்கள், எங்கள் ஊம் சேர்ப்பதில்லை. கேட்டுக்கொள்ளுங்கள். பறவை கொத்தியதும் அப்படித்தான். ஸ்டார்லிங் கூட்டம் ஒரு காலையில் ஒரு வரிசையைக் காலி செய்துவிடும். கொத்திய காயம் உலர்ந்திருந்தால் பரவாயில்லை, ஈரமாக இருந்தால் வேண்டாம்.

கழித்ததைக் கீழே போடுங்கள், செடியிலேயே தொங்கவிடாதீர்கள். பின்னால் வருகிறவர் நீங்கள் மறந்துவிட்டதாக நினைத்து வெட்டிவிடுவார்.

கிரேடு

ஒரு கிஸி நிரம்பினால் ஏறக்குறைய 18 கிலோ. அதிலிருந்து 11, 12 லிட்டர் ஒயின் கிடைக்கும், கணக்குப் பார்த்தால் 15 புட்டி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் குலையை எறிந்து போட்டதில்லை. கையால் வைக்கிறேன். விளிம்புக்கு இரண்டு விரல் கீழேயே நிறுத்துங்கள். கூம்பாகக் குவித்தால், மேலே அடுத்த கிரேடை அடுக்கும்போது அடிப்பழம் நசுங்கி ஒழுகும். நிரம்பியதைச் செடி நிழலில் தள்ளி வையுங்கள், வழியில் வெயிலில் விடாதீர்கள்.

இலை, காம்புத் துண்டு, நத்தை, வண்டு எதுவும் உள்ளே போகக் கூடாது. முக்கியமாகப் பொறிவண்டு. புள்ளி போட்ட அந்த அழகு வண்டு நசுங்கினால் சாற்றுக்கே ஒரு கசப்பு வாடை ஏறும். தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்குங்கள். பெருமைக்காக இரண்டு கிரேடை ஒன்றாகத் தூக்குகிறவர்கள் மறுநாள் அலுவலகம் வருவதில்லை.

கூலிக்கு வெட்டுகிறவர்கள்

உங்கள் பக்கத்து வரிசையில் வெட்டுகிறவருக்கு இது பொழுதுபோக்கு அல்ல. பல தோட்டங்களில் கிரேடுக்கு ஒரு டோக்கன், டோக்கன் எண்ணிக்கைக்குக் கூலி. அவர் வெட்ட வேண்டிய வரிசையை நாம் இலவசமாக வெட்டினால் அவர் வயிற்றில் அடிக்கிறோம். ஆகவே தொடங்கும்முன் ஊமிடம் நேராகக் கேளுங்கள்: நாங்கள் வெட்டுகிற கிரேடு யார் கணக்கில்? எங்கள் தோட்டத்தில் ஆறு பேர் கொண்ட கூலிக் குழு ஷிராஸை வெட்டும். நாங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஹானபூட்டையும், குழு வராத நாளில் செனினையும் வெட்டுவோம். குழு வெட்டுகிற நாளில் எங்கள் வேலை கிரேடு சுமப்பதும் பழம் பொறுக்குவதும். அவர்கள் வரிசையில் நின்று படம் எடுக்காதீர்கள். அவசியம் என்றால் கேட்டு எடுங்கள்.

இன்னொன்று. வெட்டு முடிந்ததும் நல்லெண்ணத்தில் ஒயின் புட்டியை அவர்களுக்குப் பரிசாக நீட்டாதீர்கள். இந்த மாகாணத்தில் பல தலைமுறைகளாகத் தோட்டத் தொழிலாளிக்குக் கூலியில் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகவே கொடுத்து வந்தார்கள். 'டாப்' முறை என்று பெயர். சட்டம் தடுத்த பிறகும் நெடுங்காலம் நடந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் மேற்குக் கேப் ஒன்று. கொடுக்க நினைத்தால் குளிர்ந்த தண்ணீர், பழம், பிரியாணி கொடுங்கள்.

தென்னாப்பிரிக்கத் தமிழர் கதை என்றால் 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தக் கூலிகளோடு டர்பனில் வந்து நின்ற ட்ரூரோ கப்பலிலிருந்துதான் தொடங்குவோம். ஆனால் டச்சுக் கம்பெனி அதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே கேப்புக்கு அடிமைகளைக் கொண்டுவரத் தொடங்கிவிட்டது. அவர்களில் வங்காளத்தவர், மலபாரார், சோழமண்டலக் கரையினரும் உண்டு. பெயருக்குப் பின்னால் ஊரையோ கரையையோ ஒட்டி ஏட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். கேப்பில் டச்சுக் குடியேற்றத்தைத் தொடங்கிய யான் வான் ரீபெக் அங்கே முதல் ஒயின் பிழிந்ததாக நாட்குறிப்பில் எழுதியது 1659 பிப்ரவரி 2. அடுத்த நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தோட்டங்களில் மண் கொத்தியதும் பழம் வெட்டியதும் அடிமைக் கைகள்தான். பக்கத்து வரிசைக்காரர் முகத்தைப் பார்க்கும்போது சில சமயம் நாகப்பட்டினத்துச் சாயல் தெரிகிற மாதிரி இருக்கும். என் கற்பனையாகவும் இருக்கலாம்.

கொட்டகையில்

ஒயின் செய்து வைக்கிற இடத்துக்குச் செல்லார் என்று பெயர்தான் பெரிது. எங்கள் தோட்டத்தில் அது ஒரு தகரக் கொட்டகை. அங்கே முதல் வேலை பொறுக்குவது. மேசையில் கிரேடைக் கொட்டி நாலு பேர் நின்று, வரிசையில் கண் தப்பிய அழுகலையும் இலையையும் எடுப்போம். பிறகு காம்பு நீக்கும் இயந்திரம். அதன் திருகில் கையை விட்டுப் பழத்தைத் தள்ளக் கூடாது, சட்டைக்கை தொங்கக் கூடாது. வெள்ளை ரகத்தை உடனே பிழிந்து சாற்றை மட்டும் தொட்டிக்கு அனுப்புவார்கள். சிவப்பைத் தோலோடு தொட்டியில் விடுவார்கள். நொதிக்கத் தொடங்கியதும் தோல் எல்லாம் மேலே வந்து, காய்ச்சிய பாலின் ஆடை போலத் தடித்து நிற்கும். நாளுக்கு மூன்று முறை மரத்துடுப்பால் அதை உள்ளே அமுக்க வேண்டும். பழத்தின் மேல் சல்ஃபைட் பொடி தூவுகிற நேரத்தில் ஆஸ்துமாக்காரர்கள் வெளியே போய்விடுங்கள்.

இங்கே உயிர் போகிற ஆபத்து ஒன்று இருக்கிறது, அதனால் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிவதற்குள் 40 லிட்டருக்கும் மேலான கரியமில வாயு வெளிவரும். அது காற்றைவிடக் கனமானது. தொட்டிக்குள்ளும் தரையோரமும் தேங்கும், கண்ணுக்குத் தெரியாது. நம் ஊரில் பாழுங்கிணற்றில் இறங்கும்முன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையை இங்கே நம்பாதீர்கள். சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே ஆளைச் சாய்க்கிற அளவு வாயு இருக்கலாம். கதவும் சன்னலும் திறந்திருக்க வேண்டும், தனியாக உள்ளே போகக் கூடாது, துடுப்போ போனோ தொட்டிக்குள் விழுந்தால் எட்டி எடுக்கக் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்திருந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். இப்படி இரண்டாவதாகப் போகிறவர்தான் அநேகமாகச் சாகிறார். தலை கனத்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வெளியே வாருங்கள்.

கடைசி வேலை கழுவுவது. கிரேடு, மேசை, இயந்திரம், கத்தரி, தரை எல்லாவற்றையும். பழச்சாறு காய்ந்துவிட்டால் பசை போல் பிடிக்கும், மறுநாள் காடி நாறும். பழம் வெட்ட வருகிறேன் என்று பலர் சொல்வார்கள். கழுவ நிற்கிறவரைத்தான் ஊம் அடுத்த வருடம் முதலில் கூப்பிடுகிறார்.

வீட்டுக்கு எடுத்துப்போவது

கூலி கிடையாது, ஆனால் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். புட்டியும் கிடைக்கும். நான் ஹானபூட் கேட்டு வாங்குவேன். மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற பழைய ரகத்துக்கு இங்கே வைத்த பெயர் அது. பொன் நிறம், விதை உண்டு, மூக்கருகே கொண்டுபோனாலே பன்னீர் மணம். அந்த மணம் எங்கேயோ பட்ட மாதிரி இருக்கிறதே என்று முதல் வருடம் முழுக்க யோசித்தேன். கம்பத்தில் நாம் பன்னீர்த் திராட்சை என்று விற்பது மஸ்கட் ஹாம்பர்க். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்பார்கள், 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கியது. மஸ்கட் ஹாம்பர்க்கின் பெற்றோரில் ஒன்று இந்த ஹானபூட்தான். அப்பாவிடம் போனில் சொன்னேன். "அப்ப அது நம்ம பந்தலுக்குப் பாட்டி முறை" என்றார். முறை ஒரு தலைமுறை தள்ளிப்போகிறது; நான் திருத்தவில்லை.

நிறையக் கொடுத்துவிட்டால் மொஸ்கொன்ஃபைட் காய்ச்சுங்கள். இங்கத்திய திராட்சைப் பாகு அது. பழத்தைக் காம்பு நீக்கிக் கழுவி, நசுக்கி, துணியில் வடிகட்டி, சாற்றை அகன்ற பாத்திரத்தில் ஏற்றுங்கள். சர்க்கரை சேர்க்கவே வேண்டாம். முதல் கொதியில் எழும் அழுக்கு நுரையை வழித்து எடுங்கள். பிறகு நடுத்தரத் தீயில் விடுங்கள்; நான்கு லிட்டர் சாறு ஏறக்குறைய ஒரு லிட்டராக வற்றும். கடைசிக் கால் மணி நேரம் அடுப்பைவிட்டு நகராதீர்கள், கண் சிமிட்டும் நேரத்தில் கருகிவிடும். தட்டில் ஒரு சொட்டு விட்டால் ஓடாமல் நிற்க வேண்டும். கருப்பட்டிப் பாகின் நிறம், ஓரத்தில் இலேசான புளிப்பு. எங்கள் வீட்டில் இதைப் பணியாரத்துக்கு ஊற்றிக்கொள்கிறோம். டர்பன் அக்கா வீட்டில் ரொட்டிக்கு.